சுளுக்கு என்று விட்டுவிடலாமா?

"காலில் சுளுக்கு" என்று யாராவது சொன்னால் நம்மில் ஒருவரும் பதறுவதில்லை. எண்ணெய் தடவி உருவிவிட்டு, துணியால் கட்டி, இரண்டு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். பெரும்பாலான சுளுக்குகள் அப்படிச் சரியாகியும் விடுகின்றன. சரியாகாமல் போகும் சில சுளுக்குகளைப் பற்றியதே இக்கட்டுரை. அவற்றில் ஒன்று என்னுடையது.

கடந்த வருடம் இரண்டாம் தவணையில், வலயமட்ட வலைப்பந்தாட்டப் போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. பயிற்சியின்போது பந்தைப் பிடிக்கப் பாய்ந்து தரையிறங்கிய என் இடது பாதம் இன்னொரு மாணவியின் சப்பாத்தின் மேல் பட்டு உள்நோக்கி மடங்கியது. வீட்டுக்கு வரும்போது கணுக்கால் வீங்கியிருந்தது. உம்மும்மா எண்ணெய் சூடாக்கி உருவிவிட்டார். நான்கு நாட்களில் வீக்கம் வடிந்தது. காலை இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு பனடோலும் போட்டுக்கொண்டு போட்டியில் விளையாடினேன். இரண்டாம் இடம் கிடைத்தது.

அதன் பிறகு ஏழு மாதங்கள் என் கணுக்காலின் ஆழத்தில் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. நடந்தால் சிறிதாகவும், ஓடினால் பெரிதாகவும் வலிக்கும். படியிறங்கும்போது உள்ளே எதுவோ சிக்கி விடுபடுவதுபோல் இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு இந்த ஓட்டமெல்லாம் எதுக்கு?" என்று கேட்க எங்கள் குடும்பத்தில் ஆட்கள் இருந்தார்கள். வாப்பா ஆயிரம் யோசித்துத்தான் எனக்கு விளையாட அனுமதி தந்திருந்தார். வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அனுமதி போய்விடும் என்று பயந்தேன். உம்மா கேட்கும்போதெல்லாம் "ஒண்டுமில்ல உம்மா" என்றேன்.

கடைசியில் கண்டுபிடித்தவர் உம்மும்மாதான். முழங்கால் வருத்தத்தினால் அவர் கதிரையில் அமர்ந்து தொழுபவர். ஒருநாள் மஃரிப் தொழுகையில், இடது காலை மடித்து அதன்மேல் அமர முடியாமல் நான் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். ஸலாம் கொடுத்ததும் கேட்டார்: "என்ன புள்ள, உனக்கும் ஒரு கதிர போடணுமா?"

அடுத்த கிழமை வைத்தியரிடம் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தெரிந்தது. கணுக்கால் மூட்டின் உட்பக்கத்தில் கசியிழையம் வெடித்து, அதன் கீழுள்ள என்பிலும் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. "விழுந்த அன்றைக்கே இவ்வளவு இருந்ததா டொக்டர்?" என்று உம்மா கேட்டார். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்டைக்கு எவ்வளவு இருந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. இண்டைக்கு இருக்கிறதத்தான் நாங்க பார்க்கிறோம்."

உயிரியல் படிக்கும் மாணவி என்பதால் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஒரே மாதிரி விழுந்த இருவரில் ஒருவருக்கு ஒன்றும் ஆகாமல், மற்றவருக்கு என்பு வரை சேதம் போவது ஏன்? தேடிப் படித்து விளங்கிக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

தாலஸ் என்னும் என்பு

நமது கணைக்காலின் இரு என்புகளும் கீழே வந்து ஒரு கவ்வுபோல் அமைந்திருக்கின்றன. கணைக்காலுள்ளென்பின் நுனி உட்பக்கமும், கணைக்கால் வெளியென்பின் நுனி வெளிப்பக்கமும் நாம் கையால் தொடக்கூடிய கணுக்கால் மொழிகளாகத் துருத்தி நிற்கின்றன. அந்தக் கவ்வுக்குள் அமர்ந்திருக்கும் என்புக்குத் தாலஸ் என்று பெயர். அதன் மேற்புறம் ஒரு குவிந்த கூரைபோல் இருக்கும். உடலின் முழு நிறையும் அந்தச் சிறு கூரையின் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. சாதாரணமாக நடக்கும்போதே, உடல் நிறையின் நான்கைந்து மடங்கு விசை கணுக்கால் மூட்டில் தாக்குகிறது.

தாலஸுக்கு இரண்டு விசேடங்கள் உண்டு. ஒன்று, அதில் எந்தத் தசையும் வந்து பொருந்துவதில்லை. மற்றது, அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் கசியிழையத்தால் மூடப்பட்டிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைய இது வசதிதான். ஆனால் குருதிக் கலன்கள் என்பினுள் நுழைய மிஞ்சும் வாசல்கள் குறைவு. குருதி குறைந்த இடத்தில் காயம் மெதுவாகவே ஆறும்.

வலி தெரியாத இழையம்

கசியிழையத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நீர்தான். அந்த நீரைக் கொலாஜன் நார்களின் வலை பிடித்து வைத்திருக்கிறது. நாம் கால் ஊன்றும்போது இழையம் அமுங்குகிறது. காலைத் தூக்கும்போது, மூட்டினுள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தை மீண்டும் உறிஞ்சி நிமிர்கிறது. அதன் கலங்களுக்கு உணவு கிடைப்பதும் அந்தத் திரவத்தில் இருந்துதான். ஏனெனில் கசியிழையத்தில் குருதிக் கலன்கள் இல்லை. நரம்புகளும் இல்லை.

இந்த இரண்டு "இல்லை"களிலும் இருந்துதான் நம் சிக்கல் ஆரம்பிக்கிறது. குருதி இல்லாததால் கசியிழையத்தால் தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடிவதில்லை. அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நரம்பு இல்லாததால் கசியிழையம் வெடித்தாலும் வலிப்பதில்லை. அதன் கீழுள்ள என்பில்தான் நரம்புகள் இருக்கின்றன. ஆகவே "ஆழத்தில் வலிக்கிறது" என்று நாம் உணரும்போது, விடயம் பெரும்பாலும் என்பு வரை போயிருக்கிறது. சுளுக்கின் வீக்கம் வடிந்தவுடன் நாம் சுகம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வீக்கம் வடிவதற்கும் மூட்டின் உட்புறம் ஆறுவதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை.

சேதத்தின் படிகள்

1959ஆம் ஆண்டு பேர்ண்ட், ஹார்ட்டி என்ற இரு மருத்துவர்கள் இந்தச் சேதத்தை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதற்படியில் கசியிழையத்தின் கீழுள்ள என்பு நசுங்குகிறது. இரண்டாம் படியில் என்பும் கசியிழையமும் சேர்ந்த ஒரு துண்டு பாதி பிரிகிறது. மூன்றாம் படியில் அது முழுதாகப் பிரிந்தும் தன் இடத்திலேயே கிடக்கிறது. நான்காம் படியில் இடம்பெயர்ந்து மூட்டினுள் அலைகிறது. என்பினுள் குழி விழும் நிலையைப் பின்னர் வந்தவர்கள் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு வேறு வகைப்பாடுகளும் வந்துவிட்டன. ஆயினும் "நசுங்கல், பிரிதல், அலைதல்" என்ற இந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

கடுமையுடன் தொடர்புடைய காரணிகள்

*முதலாவது, இடம்.* தாலஸின் வெளிப்பக்கத்தில் ஏற்படும் சேதங்கள் பெரும்பாலும் ஒரு விபத்தைத் தொடர்ந்தே வருகின்றன. அவை ஆழமில்லாமல், அப்பளம்போல் தட்டையாக இருக்கும். ஆனால் துண்டு இடம்பெயரும் வாய்ப்பு அவற்றில் அதிகம். உட்பக்கத்துச் சேதங்கள் கிண்ணம்போல் ஆழமானவை. எந்த விபத்தும் நினைவில் இல்லாதவர்களிடமும் இவை காணப்படுகின்றன. என்னுடையது உட்பக்கம்.

*இரண்டாவது, பரப்பும் ஆழமும்.* தென்கொரிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சேதத்தின் பரப்பு 150 சதுர மில்லிமீற்றரைத் தாண்டியவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பலன் குறைவாக இருந்தது. பின்னர் வந்தவர்கள் அந்த எல்லையை ஏறத்தாழ 107 சதுர மில்லிமீற்றராகக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். 150 சதுர மில்லிமீற்றர் என்பது பக்கம் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் உள்ள ஒரு சதுரம்தான். நம் சிறுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அவ்வளவு சிறிய இடம் ஒருவருடைய நடையைத் தீர்மானிக்கிறது.

*மூன்றாவது, தளர்ந்த இணையங்கள்.* என்பையும் என்பையும் பிணைக்கும் இணையங்களில், கணுக்காலின் வெளிப்பக்க முன்புறத்தில் உள்ளதே பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் கிழிகிறது. அது சரியாக ஆறாவிட்டால் கணுக்கால் அடிக்கடி மடங்கும். ஒவ்வொரு மடங்கலிலும் தாலஸ் கவ்வுக்குள் ஆடி, என்பில் மோதுகிறது. தாலஸ் வெளிப்பக்கமாக ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினாலே மூட்டின் தொடுகைப் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. விசை மாறாமல் பரப்பு குறைந்தால் அமுக்கம் கூடும் என்பது நாம் சாதாரண தரத்தில் படித்த சூத்திரம். அதை என் கணுக்காலில் பிரயோகித்துப் பார்ப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

*நான்காவது, காலமும் பாரமும்.* கசியிழையத்தில் ஒரு வெடிப்பு விழுந்த பின், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டுத் திரவம் அந்த வெடிப்பினூடாகக் கீழுள்ள என்புக்குள் அமுக்கத்துடன் தள்ளப்படுகிறது. அந்த அமுக்கத்தால் என்பு மெல்லக் கரைந்து குழியாகிறது என்று விளக்குகிறார்கள். சீமெந்துத் தரையில் விழுந்த வெடிப்பினூடாகத் தண்ணீர் இறங்கி, அடியில் உள்ள மண்ணை அரித்துப் போவதுபோல்தான் இதுவும். மேலே பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். ஏழு மாதங்களில் நான் வைத்த அடிகளை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

*ஐந்தாவது, உடல் நிறையும் வயதும்.* நிறை கூடினால் மூட்டின் மீதான விசையும் கூடும். ஆயினும் நிறைக்கும் சேதத்தின் கடுமைக்கும் உள்ள தொடர்பில் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தருவதில்லை. வயதைப் பொறுத்தவரை, என்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன்னுள்ள சிறுவர்களுக்கு, சத்திரசிகிச்சை இல்லாமல் ஓய்வினாலேயே ஆறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதுத் தங்கைகளின் கால்வலியை "வளர்ற வயசு, அப்பிடித்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. எளிதில் ஆறக்கூடிய காலத்தை வீணாக்கிவிடுவோம்.

தொடர்பு வேறு, காரணம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். "தொடர்புடைய காரணி" என்று ஆய்வாளர்கள் எழுதுவதை "இதனால்தான் அது வந்தது" என்று நாம் வாசித்துவிடுகிறோம். நீண்ட காலம் வலியுடன் இருந்தவர்களிடம் பெரிய சேதம் காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் போனதால் சேதம் பெருத்திருக்கலாம். ஆரம்பத்திலேயே சேதம் பெரிதாக இருந்ததால் வலி நீடித்தும் இருக்கலாம். விழுந்த அன்று ஒரு ஸ்கானும் ஏழு மாதம் கழித்து ஒரு ஸ்கானும் இருந்தால்தான் ஒருவருடைய காலில் இதைச் சரியாகச் சொல்ல முடியும். என் உம்மாவுக்கு வைத்தியர் சொன்ன பதிலின் நேர்மை இதைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

ஆனால் இதில் இன்னொரு பாடமும் உண்டு. மேலே சொன்ன காரணிகளில் இடத்தையும் வயதையும் நாம் மாற்ற முடியாது. விழுந்த அன்று ஏற்பட்ட சேதத்தையும் மாற்ற முடியாது. இணையத்தை ஆறவிடுவது, வலியோடு ஓடாமல் இருப்பது, நேரத்துக்குக் காட்டுவது ஆகிய மூன்றும் மாத்திரமே நம் கையில் இருக்கின்றன. என் விடயத்தில் நான் நழுவவிட்டதும் இந்த மூன்றையும்தான்.

ஒரு பெரிய வீரரின் சிறிய மூட்டு

உதைபந்தாட்டம் பார்க்கும் என் நானா, நான் படுக்கையில் இருந்தபோது நெதர்லாந்து வீரர் மார்கோ வான் பாஸ்டனைப் பற்றிச் சொன்னார். அவர் 1986இல், அஜாக்ஸ் கழகத்துக்கு விளையாடிய காலத்தில் கணுக்காலில் காயப்பட்டார். வலியோடும் தொடர்ந்து விளையாடினார். 1988இல் தன் நாட்டுக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை பெற்றார். ஆனால் கணுக்காலின் கசியிழையம் தேய்ந்துகொண்டே போனது. சத்திரசிகிச்சைகள் பலவும் கைகொடுக்கவில்லை. 1993 மே மாதம் ஏ.சி. மிலான் கழகத்துக்காக அவர் ஆடிய இறுதிப் போட்டியே அவருடைய கடைசி ஆட்டமானது. அப்போது அவருக்கு 28 வயது. இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டு, 1995இல் ஓய்வை அறிவித்தார். பின்னர் அந்த மூட்டு அசையாதவாறு என்புகளையே ஒன்றாகப் பொருத்த வேண்டி வந்தது. உலகின் மிகச் சிறந்த வைத்தியர்களை அணுகக்கூடிய ஒருவருக்கே இந்த நிலை என்றால், வலியை மறைப்பதில் நாம் காட்டும் "வீரம்" எதற்கு?

சிகிச்சையும் அதன் எல்லையும்

ஆரம்ப நிலையில், கால் ஊன்றாமல் சில கிழமைகள் ஓய்வும் அதன் பின் படிப்படியான இயன்மருத்துவப் பயிற்சியும் போதுமாக இருக்கலாம். அது பலிக்காவிட்டால், மூட்டினுள் மெல்லிய கமராக்குழாயைச் செலுத்தி, பிரிந்த துண்டை அகற்றி, என்பில் சிறு துளைகள் இடுவார்கள். அத்துளைகளினூடாக என்பு மச்சையிலிருந்து வரும் குருதி உறைந்து, புதிய இழையமாக மாறும். ஆனால் அப்படி வளர்வது முன்பிருந்த பளிங்குக் கசியிழையம் அல்ல. அதைவிடத் தரம் குறைந்த நார்க்கசியிழையம். கிழிந்த பட்டுச் சேலையில் பருத்தித் துணியால் ஒட்டுப்போடுவது போன்றது. மானம் காக்கும், பட்டாகாது. சேதம் பெரிதானால், முழங்காலிலிருந்து கசியிழையத்துடன் கூடிய என்புத் துண்டை எடுத்துப் பொருத்தும் முறையும் உண்டு.

எனக்கு ஆறு கிழமைகள் ஊன்றுகோல். பிறகு பயிற்சி. அல்ஹம்துலில்லாஹ், இன்று வலியில்லாமல் நடக்கிறேன். மடித்து அமர்ந்து தொழுகிறேன். ஓடுவதா என்பதை அடுத்த ஸ்கானின் பின்தான் வைத்தியர் சொல்வார்.

நாம் செய்ய வேண்டியவை

அன்புத் தோழியரே, கால் மடங்கினால் உடனே விளையாட்டை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாட்கள் உருவுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் மொழிகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ என்பின் மேல் அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது 1992இல் கனடாவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. ஆனால் அது என்பு முறிவுக்கான விதி. கசியிழையச் சேதம் எக்ஸ்ரேயில் பல வேளைகளில் தெரியாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருந்தும், ஆறு கிழமைகளுக்குப் பின்னரும் ஆழத்தில் வலி, அடிக்கடி வீக்கம், சிக்குவது போன்ற உணர்வு இருந்தால் மீண்டும் வைத்தியரிடம் போங்கள். சுகமான பின் ஒற்றைக்காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்யுங்கள். பல் துலக்கும் நேரத்திலேயே செய்யலாம். மீண்டும் மீண்டும் சுளுக்குவதை அது குறைக்கிறது.

மதிப்புக்குரிய பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வலி வந்தால் விளையாட்டே போய்விடும் என்ற நிலை இருக்கும் வீட்டில், பிள்ளை வலியைத்தான் மறைக்கும். நான் மறைத்தேன். எங்கள் கசியிழையத்துக்கு வாயில்லை. எங்களுக்காவது வாய் இருக்கட்டும். "எங்க நோகுது மகள்?" என்று கேட்கும்போது, அதன் பதிலுக்காக நாங்கள் எதையும் இழக்க வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஸ்கான் அறிக்கையைப் பார்த்த இரவு வாப்பா எதுவும் பேசவில்லை. சுபஹுக்குப் பின் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "விளையாட வேணாம் எண்டு நான் சொல்லியிருக்க மாட்டேனே மகள்" என்றார். அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஏழு மாதங்களுக்கு முன்னர் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி